பேரு 4 கேஜ், உள்ள 10 கேஜ் காப்பர்: ஒரு கார் ஆம்ப் பவர் வயர் கேஸ்

## பின்னணி

ஏழு வருஷம் ஓடின ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓனர் சென்னைல வேலை பாக்குற ஒரு தம்பி, வாரக் கடைசில விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போய்ட்டு ராத்திரில திரும்புறவர். முதல்ல ஸ்டீரியோ மாத்தி, டிக்கில ஒரு 12 இன்ச் சப்பும் (பேஸ் மட்டும் தர்ற சப்வூஃபர் ஸ்பீக்கர்) அதுக்கு ஒரு கிளாஸ் டி (அதிகம் சூடாகாத வகை) மோனோபிளாக், அதாவது ஒரே சேனல், ஆம்பும் போட்டாரு, அது ரொம்ப நாள் எந்த வம்பும் பண்ணல. அப்புறம் டோர் ஸ்பீக்கர் நாலுக்கும் ஒரு ஃபோர் சேனல் ஆம்ப், கிளாஸ் ஏபி, வேற ஒரு கடைல வாங்கி ஏற்கனவே இருந்த பவர் வயர்லயே ஒரு கிளை எடுத்து மாட்டிக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது.

கம்ப்ளெய்ன்ட் இதுதான். ராத்திரி நேரம், ஏ.சி. ஓடுது, ஹெட்லைட் எரியுது, வண்டி சிக்னல்ல நிக்குது, அப்போ பேஸ் கனமா வர்ற பாட்டு வந்தா சப் ஆம்ப்ல சிவப்பு லைட் எரிஞ்சு சத்தம் கட் ஆகிடும், சிக்னல் விழுந்து வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் தானா திரும்ப வந்துடும். பகல்ல ஹைவேல எவ்ளோ சத்தம் வச்சாலும் ஒண்ணும் ஆகாது. பேஸ் அடிக்கிறப்பல்லாம் ஹெட்லைட் மினுக்கும். ஒரு தடவ பானெட் பக்கத்துல இருந்து பிளாஸ்டிக் கருகுற வாசன வந்திருக்கு, திறந்து பாத்தா கண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னு விட்டுட்டாரு.

"அண்ணே, கடைல 1 ஃபேரட் கெப்பாசிட்டர் போட்டா சரியாகிடும்ங்கிறாங்க, இன்னொருத்தர் பேட்டரிய பெருசா மாத்துன்றாரு, மெக்கானிக் ஆல்டர்னேட்டரே பத்தாதுன்றாரு, எத போடட்டும்?"னு கேட்டாரு. நான் அம்பத்தூர்ல பேனல் போர்டு வயரிங் பாக்குறவன், கார் ஆடியோ ஆர்வத்துல பண்றதுதான். "எதையும் வாங்காத தம்பி, முதல்ல மீட்டர் வச்சுப் பாப்போம், வோல்ட் எங்க தொலையுதுன்னு தெரியாம எத வாங்கினாலும் குருட்டு அடிதான்"னு சொல்லி வண்டிய வரச் சொன்னேன்.

## பேப்பர்ல இருந்த கணக்கு

சப் ஆம்ப் டப்பா மேல பெருசா 2000 வாட். மேனுவல எடுத்துப் பாத்தா 14.4 வோல்ட்ல, 2 ஓம் லோடுல, 600 வாட் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து குடுக்கக்கூடிய நிஜ பவர். ஆம்ப் முதுகுல சொருகியிருந்த பிளேடு ஃபியூஸ் ரெண்டு, ஒவ்வொண்ணும் 30 ஆம்பியர். டப்பா என்ன வேணா கத்தட்டும், 60 ஆம்பியர் ஃபியூஸ்ல 2000 வாட் வராது: 60 ஆம்பியர 14.4 வோல்ட்டால பெருக்கினா உள்ள போறதே 864 வாட்தான், அதுல கிளாஸ் டி ஆம்ப் சுமார் 80 சதவீதத்த வெளிய தரும். மேனுவல் கையில இல்லாதப்போ ஃபியூஸ் நம்பர வச்சு ஆம்போட நிஜ பவர ஓரளவு கண்டுபிடிக்கிற வழி இதுதான்.

தேவையான கரன்ட்டு கணக்கு அப்படியே திருப்பிப் போட்டா வந்துடும். 600 வாட்ட 0.8ஆல வகுத்தா 750 வாட், அத 14.4ஆல வகுத்தா 52 ஆம்பியர். ஃபோர் சேனல் ஆம்ப் சேனலுக்கு 50 வாட், மொத்தம் 200 வாட், ஆனா கிளாஸ் ஏபில பாதிக்குக் கிட்ட சூடாவே போயிடும், 55 சதவீதம்னு வச்சா 364 வாட் உள்ள போகணும், அதாவது 25 ஆம்பியர். ரெண்டும் சேர்ந்து உச்சத்துல 77 ஆம்பியர். பாட்டுல எந்நேரமும் இவ்ளோ போகாது, சராசரி மூணுல ஒரு பங்கு இருந்தாலே அதிகம், ஆனா வோல்ட் விழுறது சராசரிலயா விழுது, பேஸ் அடிக்கிற அந்த நொடிலதான விழுது, அதனால வயருக்கு உச்சத்த வச்சுதான் கணக்குப் போடணும்.

ஏற்கனவே போட்டிருந்த வயர் "4 கேஜ், 3000 வாட்" அப்படின்னு தோல் மேல அச்சடிச்ச ஒரு கிட். பேட்டரில இருந்து டிக்கி வரைக்கும் சுமார் 5 மீட்டர் சிவப்பு, எர்த்துக்கு, அதாவது ஆம்போட நெகட்டிவ வண்டி பாடியோட சேக்குறதுக்கு, 1 மீட்டர் கருப்பு, பேட்டரி பக்கத்துல கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்குமே அந்த ஏ.ஜி.யூ. ஃபியூஸ் வச்ச ஹோல்டர். கேஜ்ங்கிறது வயர் தடிமனோட நம்பர், நம்பர் குறையக் குறைய வயர் தடிக்கும். நிஜமான 4 கேஜா இருந்தா இந்த 77 ஆம்பியருக்கு தாராளம். பேப்பர்ல எந்தத் தப்பும் இல்ல, அதான் ரெண்டு கடைக்காரங்களும் வயர் மேல சந்தேகமே படல போல.

## மீட்டர் வச்சு அளந்தது

என்ஜின ஆன் பண்ணி ஆக்சிலேட்டர லேசா மிதிச்ச மாதிரி வச்சுக்கிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன் (ஏத்த இறக்கம் இல்லாத பேஸ் சத்தம்) ஒண்ண பென் டிரைவ்ல போட்டு, சப் ஆம்ப் அதோட எல்லைய தொடுற வரைக்கும் வால்யூம் ஏத்தினோம். ஒவ்வொரு தடவையும் சில நொடிதான், அதுக்கு மேல வச்சா சப்போட காயில் கருகிடும். கரன்ட்டு அளக்க, பேட்டரில இருந்து வர்ற டி.சி. கரன்ட்ட காட்டுற கிளாம்ப் மீட்டர் (வயர சுத்திக் கவ்வி அளக்குறது) வேணும், வீட்டு வேலைக்கு வச்சிருக்கிற சாதா கிளாம்ப் மீட்டர் வீட்டு லைன்ல வர்ற ஏ.சி. கரன்ட்ட மட்டும்தான் காட்டும், அத வச்சு பூஜ்யம்னு நம்பிடக்கூடாது.

கிளாம்ப் மீட்டர்ல 42 ஆம்பியர். அந்த நேரத்துல பேட்டரி கம்பத்துல 13.3 வோல்ட், டிக்கில ஆம்ப் டெர்மினல்ல 11.7. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் (என்ஜின் சுத்துறப்போ கரன்ட்டு தர்றது) 13.3 குடுக்குது, 1.6 வோல்ட்டு கிட்ட நடு வழில காணாமப் போகுது. இந்த ஒரு அளவுலயே விஷயம் முக்கால்வாசி முடிஞ்சுது.

அடுத்து எங்க எவ்ளோ போகுதுன்னு பிரிச்சோம். மீட்டரோட ஒரு முள்ள பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துல, இன்னொண்ண நீள வயர் போட்டு ஆம்ப் பாசிட்டிவ்ல வச்சா, பாசிட்டிவ் பக்கம் மட்டும் விழுற வோல்ட் நேரா தெரியும்: 0.97. அதுல ஃபியூஸ் ஹோல்டரோட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மட்டும் 0.33. மிச்சம் 0.64 வயரும் லக்கும் (வயர் நுனில போல்ட்ல மாட்டுற உலோக வளையம்). நெகட்டிவ் பக்கம் ஆம்ப் எர்த்துல இருந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் 0.61, அதுல 0.48 வோல்ட் ஆம்புக்கும் எர்த் போல்ட்டுக்குப் பக்கத்துல சுரண்டின பாடிக்கும் நடுவுலயே போயிடுச்சு. எல்லாம் கூட்டினா 1.58.

நிறைய பேரு பாசிட்டிவ் வயரோட கேஜப் பத்தி மட்டும் மணிக்கணக்கா பேசுறாங்க, எர்த்துன்னா ஏதோ ஒரு போல்ட்ல மாட்டினா போதும்னு நெனைக்கிறாங்க. இங்க நெகட்டிவ் பக்கமே மூணுல ஒரு பங்குக்கு மேல தின்னிருக்கு. எர்த் மாட்டியிருந்தது பின் சீட் பெல்ட் போல்ட்ல, அடில பெயின்ட்டு அப்படியே இருந்துச்சு, லக் தொட்டுக்கிட்டு இருந்தது போல்ட்டோட மரை வழியா மட்டும்தான். அது போக சீட் பெல்ட் போல்ட்ட கழட்டி லக்கு சொருகுறதே எனக்கு ஆகாது, உயிர் காக்கிற போல்ட் அது.

சிக்னல்ல ஏன் ராத்திரி மட்டும் கட் ஆகுதுன்னு இப்போ கணக்கு உக்காந்துருச்சு. 42 ஆம்பியருக்கு 1.58 வோல்ட்னா மொத்த வழியோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 37.6 மில்லி ஓம். ஐடில்ல ஏ.சி., ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் போட்டு ரெண்டு ஆம்பையும் ஓட்டிப் பாத்தப்போ பேட்டரி கம்பத்துல 12.6, வயர்ல 62 ஆம்பியர். 62க்கு 2.3 வோல்ட் வழில போயிடும், ஆம்புக்குப் போய்ச் சேர்றது 10.3. அந்த ஆம்ப் மேனுவல்ல லோ வோல்ட்டேஜ் கட் 10.5னு போட்டிருக்கு. சிவப்பு லைட் எரியாம என்ன பண்ணும். ஹைவேல ஆல்டர்னேட்டர் நல்லா சுத்துது, பேட்டரில 13.5க்கு மேல நிக்குது, அதே நஷ்டம் போனாலும் 11க்கு மேல தேறிடும்.

கருகின வாசனைக்கும் காரணம் இதுலயே இருக்கு. வயர்ல 0.64 வோல்ட்டும் 42 ஆம்பியரும்னா 27 வாட் சூடு, ஆனா அது 5 மீட்டர் நீளத்துல பரவுது, கைல தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், அவ்ளோதான். ஃபியூஸ் ஹோல்டர்ல 0.33 வோல்ட், 14 வாட், அது கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குள்ள. 25 வாட் சால்டரிங் அயர்ன்ல பாதிய மூடி போட்டு உள்ள வச்ச கணக்கு. ஹோல்டர திறந்தப்போ ஃபியூஸோட பித்தளை மூடி ஒரு பக்கம் நீலம் பூத்துப் போயிருந்துச்சு, உள்ள இருந்த ஸ்பிரிங் தகடு விறைப்பு போயி தளர்ந்திருந்துச்சு. முதல்ல அதுல 60 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருந்திருக்கு, ரெண்டாவது ஆம்ப் போட்டப்புறம் அது போச்சுன்னு 100 ஆம்பியர மாட்டிக் குடுத்திருக்காங்க. இந்த விஷயம்தான் எனக்குப் பாட்டு கட் ஆகுறதவிட பெரிய கவலையா பட்டுது.

## வயர அறுத்துப் பாத்தது

டிக்கி பக்கம் ஒரு துண்டு வெட்டி தோல உரிச்சோம். வெர்னியர்ல வெளி விட்டம் 11 மில்லிமீட்டர், பாக்க கொழுகொழுன்னு நல்ல 4 கேஜ் மாதிரியே இருக்கு. உள்ள இருந்த கம்பிக் கத்தை 4 மில்லிமீட்டர் கூட இல்ல. நிஜமான 4 கேஜ்ல கத்தையே 6 மில்லிமீட்டருக்கு மேல வரும். இழைய பிரிச்சு எண்ணினா 290, ஒரு இழை 0.2 மில்லிமீட்டர். ஒரு இழையோட பரப்பு 0.0314 ஸ்கொயர் எம்.எம்., 290ஆல பெருக்கினா 9.1 ஸ்கொயர் எம்.எம். 4 கேஜ்ன்னா 21 இருக்கணும். ஆக அளவுல இது 8 கேஜ்.

அதோட முடியல. ஒரு இழைய பிளேடால சுரண்டினா செம்பு நிறம் போயி வெள்ளையா வந்துச்சு. லைட்டர் சுடர்ல காட்டினா நுனி உருகி சுருண்டு உருண்டையாச்சு, காப்பர் இழையா இருந்தா அந்தச் சுடர்ல சிவந்து நிக்கும், அவ்ளோ சுலபமா உருகாது, ஏன்னா அலுமினியம் உருகுறது 660 டிகிரில, காப்பர் 1085ல. இது சி.சி.ஏ., அதாவது அலுமினியத்துக்கு மேல காப்பர் முலாம். இதோட கடத்துத் திறன் சுத்த காப்பர்ல சுமார் 65 சதவீதம். 9.1அ 0.65ஆல பெருக்கினா காப்பர் கணக்குல 5.9. 10 கேஜ் காப்பர் 5.3 ஸ்கொயர் எம்.எம்., அதவிட இது ஒரு இம்மி கூட, அவ்ளோதான்.

கேஜ் கணக்குல மூணு நம்பர் இறங்கினா பரப்பு ரெண்டு மடங்கு, ஆறு நம்பர் இறங்கினா நாலு மடங்கு. 4க்கும் 10க்கும் ஆறு நம்பர். அதாவது வாங்கினது சொன்னதுல கால் பங்கு. தோல உரிச்சு உலோகத்த மட்டும் தராசுல வச்சோம், மீட்டருக்கு 33 கிராம் கணக்கு வந்துச்சு. நிஜமான 4 கேஜ் காப்பர் மீட்டருக்கு 190 கிராம் கிட்ட வரணும். தம்பி அந்த உரிச்ச தோலையும் தராசுல வச்சுப் பாத்துட்டு, "அண்ணே, காசு பூரா ரப்பருக்குத்தான் குடுத்திருக்கேன்"னு சிரிச்சாரு.

சி.சி.ஏ. வயரே போடக்கூடாதுன்னு நான் சொல்லல. ரெண்டு சைஸ் பெருசா போட்டு, லக்க ஒழுங்கா அழுத்தி, சி.சி.ஏ.ன்னு தெரிஞ்சு போட்டா ஓடும். சைஸையும் குறைச்சு உலோகத்தையும் மாத்தி மேல 4ன்னு அச்சடிக்கிறதுதான் வேலைய கெடுக்குது.

## கெப்பாசிட்டரும் பேட்டரியும் ஏன் வேணாம்னு விட்டோம்

1 ஃபேரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்ல இருந்து 12 வோல்ட்டுக்கு இறங்குறதுக்குள்ள அதுல இருந்து கிடைக்கிறது 26 ஜூல். முழு பவர்ல இந்த சப் ஆம்ப் ஒரு நொடிக்கு 750 ஜூல் கேக்குது. 26 ஜூல் நூத்துல மூணு நாலு பங்கு நொடி தாங்கும், அப்புறம் அத திரும்ப நிரப்ப வேண்டியதும் அதே இத்துப்போன வயர் வழியாத்தான். பேட்டரி இருந்தது 35 ஆம்பியர் அவர், கம்பெனில வந்த அதே சைஸ், நல்லாத்தான் இருந்துச்சு. பானெட்ல இன்னும் பெரிய பேட்டரி வச்சா பேட்டரி கம்பத்துல வோல்ட் கொஞ்சம் கூடலாம், ஆனா கம்பத்துக்கும் டிக்கிக்கும் நடுவுல போற வோல்ட்ட அது தொடவே தொடாது.

ஆல்டர்னேட்டர் லேபிள்ல 75 ஆம்பியர். வண்டியோட சொந்த தேவையே ராத்திரில ஏ.சி. போட்டா 30 ஆம்பியருக்கு மேல போகும், ஐடில்ல ஆல்டர்னேட்டர் 75 குடுக்கவும் குடுக்காது. அதனால மெக்கானிக் சொன்னது முழுசா பொய்யில்ல. ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்கு, 1.6 வோல்ட் ஒழுகுறத அடைக்காம ஆல்டர்னேட்டர் மாத்துறதுல அர்த்தமில்ல. பெல்ட் லூசா இருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டோம், சரியா இருந்துச்சு.

## எந்த சைஸ், ஏன்

வச்சுக்கிட்ட இலக்கு: முழு கரன்ட்டுல, 77 ஆம்பியர்ல, பாசிட்டிவ் எர்த் ரெண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்கு மேல விழக்கூடாது. பாசிட்டிவ் 5 மீட்டர், எர்த் அரை மீட்டர், மொத்தம் 5.5 மீட்டர். 8 கேஜ் சுத்த காப்பர்னா மீட்டருக்கு 2.06 மில்லி ஓம், வயர்லயே 0.87 வோல்ட் போயிடும், அது வேணாம். 4 கேஜ் மீட்டருக்கு 0.815 மில்லி ஓம், 0.35 வோல்ட், ஃபியூஸுக்கும் ஜாயின்ட்டுக்கும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கு. பெரிய 0 கேஜ் போட்டா 0.14 வோல்ட், சொகுசுதான், ஆனா காப்பர் ரெண்டரை மடங்கு, ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஓட்டைல நுழையாது, கார்ப்பெட் அடில மேடு தட்டும், 0.2 வோல்ட்டுக்காக அவ்ளோ பாடு வேணாம்னு விட்டோம்.

4 கேஜ் ஓ.எஃப்.சி. (ஆக்சிஜன் நீக்கின சுத்த காப்பர்) வயர் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல மீட்டர் கணக்குல கிடைக்கும். ஆனா நான் கேஜ்ங்கிற பேச்சையே விட்டுட்டு ஸ்கொயர் எம்.எம்.ல கேக்கலாம்னு சொன்னேன். நம்ம ஊர்ல கேஜ்ன்னா பழைய எலக்ட்ரீசியனுக்கு 3/20, 7/20ன்னு எஸ்.டபிள்யூ.ஜி.தான் ஞாபகம் வரும், கார் ஆடியோக்காரர் சொல்றது ஏ.டபிள்யூ.ஜி., முன்னதுல 4ன்னா 27 ஸ்கொயர் எம்.எம்., பின்னதுல 21. ஸ்கொயர் எம்.எம்.ன்னு பில்லுல எழுதி வாங்கிட்டா யாரும் மழுப்ப முடியாது. கடைசில பாரிஸ் கார்னர் பக்கம் எலக்ட்ரிக்கல் கடைல 25 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வெல்டிங் கேபிள், ஐ.எஸ். 9857 முத்திரை போட்டது, எடுத்தோம். இழை மெல்லிசு, நல்லா வளையும், மீட்டருக்கு சுமார் 0.69 மில்லி ஓம், 5.5 மீட்டருக்கு 77 ஆம்பியர்ல 0.29 வோல்ட். கேக்கும்போது காப்பர்னு அழுத்திச் சொல்லணும், வெல்டிங் கேபிள்லயும் அலுமினியம் இருக்கு, கடைல சும்மா 25 ஸ்கொயர்னு கேட்டா விலை கம்மியானதுதான் முதல்ல கைக்கு வரும். வெட்டின நுனிய சுரண்டிப் பாத்து, எடை போட்டுத்தான் வாங்கினோம்.

இதுல ஒரு குறை உண்டு: வெல்டிங் கேபிளோட ரப்பர் தோல் என்ஜின் சூட்டுக்கும் ஆயிலுக்கும்னே செஞ்சதில்ல. அதனால பானெட்டுக்குள்ள வர்ற நீளம் பூரா கருப்பு சுருள் பைப்புக்குள்ள விட்டு, எக்ஸாஸ்ட் பக்கம் போகாம ஓட்டினோம்.

## மாட்டினது

மெயின் ஃபியூஸ் 100 ஆம்பியர், மினி ஏ.என்.எல். வகை, போல்ட் போட்டு இறுக்குற ஹோல்டர், பேட்டரி கம்பத்துல இருந்து ஒரு அடிக்குள்ள. ஃபியூஸ் ஆம்ப காப்பாத்த இல்ல, ஆம்புக்கு அதோட முதுகுலயே ஃபியூஸ் இருக்கு. இது வயர காப்பாத்துறதுக்கு: ஃபயர்வால்ல வயர் தேஞ்சு பாடில முட்டினா பேட்டரி சில நூறு ஆம்பியர ஒரே மூச்சுல தள்ளும், அத நிறுத்த நடுவுல ஃபியூஸ் மட்டும்தான். 25 ஸ்கொயர் காப்பருக்கு 100 ஆம்பியர் பொருந்தும். பழைய வயர்ல அதே 100 ஆம்பியர் தொடர்ந்து போயிருந்தா ஃபியூஸ் போகாம வயர் மட்டும் 146 வாட் சூட்ட கார்ப்பெட் அடில கக்கியிருக்கும். பழைய வயர உருவினப்போ ஃபயர்வால் ஓட்டைல ரப்பர் புஷ்ஷே இல்ல, தகடு விளிம்பு பட்ட இடத்துல தோல் பாதி ஆழம் அறுந்திருந்துச்சு. அந்தத் துண்ட தம்பி வெட்டி தனியா எடுத்து வச்சுக்கிட்டாரு.

லக் எல்லாம் டின் பூசின காப்பர், எங்க ஒர்க்ஷாப்ல இருந்த ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல்ல அழுத்தினது. சுத்தியால தட்டி, மேல சால்டர ஊத்துற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, அது பாக்க பளபளன்னு இருக்கும், சூடு ஏறி இறங்குற இடத்துல நாளடைவுல தளரும். டிக்கில ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் (ஒரு வயர பல கிளையா பிரிக்கிற கட்டை), அதுல இருந்து சப் ஆம்புக்கு 16 ஸ்கொயர், 60 ஆம்பியர் ஃபியூஸ், ஃபோர் சேனலுக்கு 10 ஸ்கொயர், 40 ஆம்பியர் ஃபியூஸ். சின்ன வயருக்குள்ள இறங்குற இடத்துல அந்த வயருக்கு ஏத்த ஃபியூஸ் இல்லாம இறங்கக்கூடாது.

எர்த்துக்கு டிக்கித் தளத்துல குறுக்கு பீம் பக்கம் ஒரு எம்8 போல்ட்டுக்கு ஓட்டை போட்டோம். அதுக்கு முன்னாடி வண்டிய தூக்கி அடில பெட்ரோல் டேங்கும் பிரேக் பைப்பும் எங்க போகுதுன்னு கண்ணால பாத்தோம், இத பாக்காம டிக்கில ட்ரில் வைக்கிறவன நான் கிட்டவே சேக்க மாட்டேன். உப்புத்தாள் போட்டு லக் உக்கார்ற அகலத்துக்கு பெயின்ட்ட சுத்தமா எடுத்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, துரு பிடிக்காம மேல மட்டும் பெயின்ட் பூசினோம். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும், என்ஜின்ல இருந்து பாடிக்கும் அதே 25 ஸ்கொயர்ல ஒவ்வொரு துண்டு கூடுதலா போட்டோம், கம்பெனி ஸ்ட்ராப்ப கழட்டல. ஆல்டர்னேட்டர் பாசிட்டிவ்ல கைய வைக்கல, அங்க கம்பெனி ஃபியூஸ் லிங்க் இருக்கு.

## அப்புறம் என்ன ஆச்சு

அதே டோன், அதே வால்யூம். கரன்ட்டு 42ல இருந்து 46 ஆச்சு, வோல்ட் கூடக் கிடைச்சதால ஆம்ப் கூட இழுக்குது. பேட்டரி கம்பத்துல 13.2, பாசிட்டிவ் பக்கம் 0.24, நெகட்டிவ் பக்கம் 0.11, மொத்த நஷ்டம் 0.35. ஆம்ப் டெர்மினல்ல 12.85. ஃபியூஸ் ஹோல்டர் கைல தொட்டா சூடே இல்ல. ராத்திரி, ஏ.சி., ஹெட்லைட், ஐடில், ரெண்டு ஆம்பும் முழுசா, இந்த நிலைமைலயும் ஆம்ப்ல 12 வோல்ட்டுக்குக் கிட்டயே நின்னுச்சு. சிவப்பு லைட் அதுக்கப்புறம் எரியல.

சத்தம் கூடுச்சான்னா, கணக்குப்படி பவர் 20 சதவீதம் கூடியிருக்கு, டெசிபல்ல அது 0.8. காதுக்கு அது தெரியுறதே கஷ்டம். தம்பி "பேஸ் இறங்கி அடிக்குது"ன்னாரு, செலவு பண்ணவனுக்கு அப்படித்தான் கேக்கும். வயர் மாத்தினா சவுண்டு ரெண்டு மடங்கு ஆகும்னு சொல்றவங்க இந்த 0.8அ கொஞ்சம் யோசிக்கலாம்.

ஹெட்லைட் மினுக்கல் போகல. போகும்னு நானும் சொல்லல: ஹெட்லைட்டுக்கு கரன்ட்டு பேட்டரி பக்கத்துல இருந்து போகுது, அங்க வோல்ட் விழுறது ஆல்டர்னேட்டர் சம்பந்தப்பட்டது, ஆம்ப் வயர் தடிச்சதால ஆம்ப் இன்னும் கூடத்தான் இழுக்குது. அதுக்கு வேற வழில போனோம். ஆம்ப்ல பேஸ் பூஸ்ட் திருகு கடைசி வரைக்கும், 12 டெசிபல்ல, திருகியிருந்துச்சு, 12 டெசிபல்னா அந்த இடத்துல 16 மடங்கு பவர் கேக்குறது. அத பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கெயின (வர்ற சிக்னல ஆம்ப் எவ்ளோ பெருசாக்கணும்ங்கிற திருகு) டோன் போட்டு திரும்ப செட் பண்ணோம். மினுக்கல் முக்கால்வாசி அடங்கிடுச்சு, ஐடில்ல மட்டும் லேசா இருக்கு.

சில மாசம் கழிச்சு வண்டி வந்தப்போ போல்ட்டெல்லாம் ஒரு சுத்து இறுக்கிப் பாத்துட்டு மறுபடி அளந்தேன், மொத்தம் 0.37. ஃபயர்வால் புஷ் நல்லா இருந்துச்சு.

## இன்னொரு வண்டின்னா

ரெண்டாவது ஆம்ப் மாட்டுறதுக்கு முன்னாடியே பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவுல எவ்ளோ வோல்ட் விழுதுன்னு ஒரு தடவ அளந்திருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை, எந்தக் கடைலயும் மீட்டர் இருக்கு. ஃபியூஸ் போச்சுன்னா பெருசா மாத்துறதுக்கு முன்னாடி வயரோட பரப்ப கேக்கணும், 60 போனா 100 போடுங்கிறது பதிலே இல்ல.

வெல்டிங் கேபிளுக்குப் பதிலா அடுத்த தடவ, பட்ஜெட் இடம் குடுத்தா, இழை எண்ணிக்கையும் ஸ்கொயர் எம்.எம்.மும் எழுதியிருக்கிற ஆட்டோமோட்டிவ் கேபிளா எடுப்பேன், சுருள் பைப் வேலை கொஞ்சம் குறையும். பாசிட்டிவ் வயர ஓட்டுறப்போ ஆர்.சி.ஏ. வயர (ஸ்டீரியோல இருந்து ஆம்புக்கு பாட்டு சிக்னல் கொண்டு போறது) எதிர்ப்பக்கம் ஓட்டினோம், அத அப்படியே வச்சுக்குவேன்.

தம்பி இப்போ ரெண்டாவது சப் போடலாமான்னு கேக்குறாரு. அதே மாதிரி இன்னொரு 600 வாட் ஆம்ப் வந்தா மொத்தம் 129 ஆம்பியர், 25 ஸ்கொயர்ல வயர் மட்டும் அரை வோல்ட் தின்னும், 100 ஆம்பியர் ஃபியூஸ் தாங்காது, 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐடில்ல பக்கத்துலயே வராது. வயர் 50 ஸ்கொயர், ஆல்டர்னேட்டர் பெருசு, ரெண்டுக்கும் சேத்து விலை விசாரிச்சுட்டு வான்னு சொல்லியிருக்கேன்.